அன்னக்கொடியின் சிப்பாய்

ஞாயிறுதோறும் ஏலத்தோட்டத்து ஜீப்பில் போடிக்கு இறங்கி, சோலை தன் அக்காள் கணவன் அழகுமலையோடு பலகைமேல் சண்டை விளையாடுவான். காகிதக்கூழில் மலை, காய்ந்த பாசியில் காடு, களிமண்ணில் சிப்பாய்கள். யாருக்கு அடி என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

அக்காள் அன்னக்கொடி இறந்தபின், அவள் வர்ணம் பூசி ஆடிவந்த சிப்பாயை அழகுமலை அலமாரியை விட்டு எடுக்கவில்லை. உடைந்தால் மறுபடி பூச அவள் இல்லை.

"மச்சான், அக்கா இவனை அலமாரிக்கா பூசுச்சு? களத்துல இறக்குங்க."

அழகுமலை தயங்கித் தயங்கிச் சிப்பாயை எடுத்து மலைச்சரிவில் நிறுத்தினான். அவள் பூசிய மீசை ஒருபக்கம் நீளம், மறுபக்கம் குட்டை.

சோலை கட்டையை உருட்டினான். முதல் அடியே அந்தச் சிப்பாய்க்குத்தான்.

"அக்கா ஆளு என்னைக்கு மச்சான் ரெண்டாவது அடி வரைக்கும் நின்னான்?"

பல மாதங்களுக்குப் பிறகு அழகுமலை சிரித்தான். சிப்பாயைப் பாசிமேல் மெதுவாகப் படுக்கவைத்தான்.

"அடுத்த ஆட்டத்துலயும் இவன்தான் முன்னாடி நிப்பான், மாப்ளே."