கேக்குக் கணக்கு

எங்கள் வீட்டில் ஆண்கள் மூன்று பேர். மூவருக்கும் ஒரே பெருமை: "நம்ம பரம்பரைக்கே கணக்கு வராது!" என் மாமனார் இதை ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி சொல்வார். என் வீட்டுக்காரர் தலையாட்டுவார், கொழுந்தன் இளிப்பான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன வாரம் என் மகள் பின்னக் கணக்குப் பரீட்சையில் கோழிமுட்டை வாங்கி வந்தாள். ஓயாமல் பேசுவதால் அவளைச் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவோம். அழுதிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பையை ஒரு மூலையில் வீசினாள். "நமக்குத்தான் கணக்கு வராதேம்மா!" என்று டிவி முன்னால் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை மறுபரீட்சை, புத்தகத்தைத் தொடவே இல்லை. எனக்குப் பகீரென்றது. பத்து வயதிலேயே கடையை இழுத்து மூடிவிட்டாளே!

"புள்ளைய ஏம்மா படுத்துறே? ரத்தத்துல இல்லாதது எங்கேருந்து வரும்?" என்றார் மாமனார்.

எனக்கு வந்ததே கோபம்! பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது பேக்கரியில். மேலே வெடித்துப்போன சாக்லேட் கேக் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்தேன். வேண்டுமென்றே தாறுமாறாக வெட்டினேன். கொழுந்தன் தட்டில் பெரிய துண்டு. மாமனாருக்கு ஒரு கீற்று.

மாமனார் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது அநியாயம்? நாம அஞ்சு பேரு. எனக்கு அஞ்சுல ஒண்ணு வரணும். இது பத்துல ஒண்ணுதான் இருக்கு!"

"என் பங்கு சரியாத்தான் இருக்கு. தம்பி தட்டைப் பாருங்கப்பா!" என்று எடுத்துக் கொடுத்தார் வீட்டுக்காரர்.

சில்வண்டு மெல்வதை நிறுத்தினாள்.

"தாத்தா! உங்களுக்குக் கணக்கு வருதே!"

மாமனார் திருதிருவென்று விழித்தார். "இது கணக்கு இல்லடி, கேக்கு."

"எங்க டீச்சர் நடத்துறதும் இதானே தாத்தா!"

கொழுந்தனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவள் ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டு வந்தாள். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்க, காட்டு... அட, இவ்வளவுதானா!" என்றார். என் வீட்டுக்காரரும் தலையை நீட்டினார். டிவி தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. நான் அணைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

சில்வண்டு விரல்விட்டு எண்ணினாள். "அஞ்சுல ஒண்ணுன்னா பத்துல ரெண்டு... அதுல பத்துல ஒண்ணு போனா..." என்று முணுமுணுத்தாள். சட்டென்று எழுந்தாள். தாத்தாவின் தட்டைக் கொழுந்தன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சித்தப்பா, தாத்தாவோட பத்துல ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. மரியாதையா எடுத்து வைங்க!"

கொழுந்தன் தன் துண்டிலிருந்து வெட்டி வைத்தான். 

மாமனார் வாய் நிறையக் கேக்கோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பின்னே? நம்ம ரத்தமாச்சே!"