முப்பது முழத் தூண்கள்

இத்தாலியில் எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு, நாங்கள் சொல்வது கோயில், குவிமாடம் கிடையாது. அதைச் சுமக்க எழுப்பிய நான்கு தூண்கள் ஐந்நூறு வருடமாகச் சும்மா நிற்கின்றன, மேலே மரக்கூரை. எங்கள் ஊர்க் கொத்தனார்கள் குடித்துவிட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டார்கள் என்று பள்ளியிலேயே சொல்லித்தந்தார்கள். நான் கொத்தனார் மகள். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும்.

போன வருடம் திருப்பணிக் குழுத் தலைவர் பிரெஸ்ஸானினி, கோயிலைப் பழைய வரைபடப்படியே முடிக்கப்போவதாக அறிவித்தார். அரசு அனுமதியில் ஒரே நிபந்தனை: பழைய தூண்களில் கைவைக்கக் கூடாது. வேலைக்கு இடம் வேண்டி, எங்கள் வீடு உட்பட சந்தில் பத்து வீடுகளை இடிக்கலாம், அதற்குத் தடையில்லை. ஜூனுக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்குவாள், சமைக்க வேண்டுமென்று மறுபடி எடுப்பாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது கட்டடப் பொறியியல். தூண் உச்சிகளை மறைக்கும் மரக்கூரைக்குள் ஏறி அளந்தேன். வலப்பக்கத் தூண்கள் இரண்டும் இடப்பக்கத்தவற்றைவிட ஓர் ஆள் உயரம் கூடுதல். இடப்பக்கம் யாரோ உயரத்தைச் சரிக்கட்ட மூன்று வரிசைச் செங்கல் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தார்கள். நான்தான் தப்பாக அளந்தேன் என்று மூன்று முறை ஏறி இறங்கினேன். பிறகுதான் நகர்மன்ற வாசலில் பதித்த இரும்புக் கம்பி ஞாபகம் வந்தது. துணி வியாபாரிகளுக்காக வைத்த ஊர் முழம்.

திருப்பணிக் குழுக் கூட்டத்தில் எழுந்தேன். கொத்தனார் வீட்டுப் பெண் கோயிலையே திருத்த வந்துவிட்டாள் என்று பிரெஸ்ஸானினி சிரித்தார்.

"சார், வரைபடத்துல முப்பது முழம்னு போட்டிருக்கு. யார் முழம்?"

"முழம்னா முழம்தாம்மா."

"ஃபிளாரன்ஸ் முழம் அம்பத்தெட்டு சென்டிமீட்டர். நம்ம முழம் அறுபத்துநாலு. வாசல்ல கம்பி இருக்கு, போய் அளந்து பாருங்க."

வரைந்தவர் ஃபிளாரன்ஸ்காரர். இடப்பக்கம் கட்டியது அவர் கூட்டிவந்த ஆட்கள், வலப்பக்கம் எங்கள் ஆட்கள். இரண்டு பேரும் சொன்னபடிதான் கட்டினார்கள். யார் முழம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அனுமதி தந்த தொல்லியல் துறையின் பொறியாளர் கூரைக்கு ஏறினார். உடம்பெல்லாம் தூசியோடு இறங்கிவந்து, தூணைத் தொடாமல் குவிமாடம் உட்காராது என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்ப சட்டியெல்லாம் வெளிய எடுத்துடவாடி?"

"எடும்மா. நம்ம ஆளுங்க குடிச்சிட்டு ஒண்ணும் கட்டலை."

"அதை உங்கப்பன்கிட்ட சொல்லாதே, குடிக்காம ஒரு கொத்தன் கட்டினான்னா நம்பமாட்டான்" என்றபடி பெரிய சட்டியைப் பழைய ஆணியில் மாட்டினாள்.