கெம்பம்மாவின் தமிழ்

டெல்பின் எடுத்த முதல் படத்தில் ஊர்க்காரர்களே நடித்தார்கள். ஓசூரை அடுத்த தளிப் பக்கம், கர்நாடக எல்லையில், பேசுகிறபடியே பேசினார்கள்: வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தமிழ், நடுநடுவே தெலுங்கு. நிலத்தைப் பிடுங்க வந்த புரோக்கரை ரோஜாத் தோட்டத்துக் கெம்பம்மா கன்னடத்தில் திட்டித் தீர்க்கும் காட்சிதான் படத்துக்கே உயிர்.

ஐரோப்பிய நாடு ஒன்றின் தொலைக்காட்சி படத்தைக் கேட்டது. ஆனால் அந்த நாட்டில் வெளிநாட்டுப் படங்களுக்கு இருக்கும் இடமே கொஞ்சம். எடுத்தவர்களின் சொந்த மாநில அரசு மானியம் தந்த படமென்றால்தான் அந்த இடமும் கிடைக்கும்.

மானியம் கேட்டு டெல்பின் சென்னைக்குப் போனாள். "பாதிக்கு மேல கன்னடமா இருக்கேம்மா, இது எப்படித் தமிழ்ப்படம் ஆகும்?" என்றார் அதிகாரி. பெங்களூருக்குப் போனாள். "ஷூட்டிங் பூரா தமிழ்நாட்டுல பண்ணிட்டு இங்க வந்து கேக்கறீங்களே" என்றார்கள்.

"எங்க ஊரு எந்த நாட்டுலதான்டா இருக்கு?" என்று ஓசூர் திரும்பியதும் எடிட்டர் உஸ்மானிடம் கத்தினாள்.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கன்னடத்துல முக்கால்வாசி கெம்பம்மா பேசறதுதான். அதை மட்டும் தமிழ்ல மாத்திட்டா மானியம் கெடைச்சிடும்க்கா."

டெல்பின் கூச்சத்தோடுதான் கெம்பம்மாவிடம் கேட்டாள். கெம்பம்மாவோ சிரித்தாள். "தெனமும் பூ மார்க்கெட்ல தமிழ்லதானே யாவாரம் பண்றேன்? பேசிட்டாப் போச்சு."

உஸ்மானின் அறையில் மைக் முன்னால் நின்றாள். திரையில் அவள் வாய், "நின் மனெ ஹாளாக!" என்று புரோக்கரைச் சபித்தது. மைக்கில் வந்ததோ, "உங்க வீடு நாசமாப் போவட்டுங்க."

"கோவமா, கெம்பம்மா!" என்றாள் டெல்பின்.

மறுபடி பேசினாள். சத்தம் கூடியது, 'ங்க' மட்டும் போகவில்லை. எத்தனை முறை பேசியும் பூ வாங்க வந்தவரிடம் விலை சொல்கிற குரல்தான் வந்தது. கடைசியில் உட்கார்ந்துவிட்டாள். "தமிழ்ல நான் யாரையும் திட்டினதே இல்லியேம்மா. திட்டினா பூ வாங்குவாங்களா?"

கன்னடத்திலேயே விட்டுவிடலாமா என்று டெல்பினின் மனசு அடித்துக்கொண்டது. அப்படி விட்டால் படத்தை யாருமே பார்க்கப் போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தமிழையே அனுப்பினாள்.

மானியம் வந்தது. ஐரோப்பாவில் படமும் ஓடியது. "அந்த மூதாட்டியின் பொறுமை மனதைத் தொட்டது" என்று அங்கே ஒருவர் எழுதினார். படித்ததும் போனை மெத்தையில் விட்டெறிந்தாள் டெல்பின்.

தளிப் பள்ளிக்கூடத்தில் ஊருக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சியில் கெம்பம்மாவின் மருமகள் ருக்மணி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கெம்பம்மா மட்டும் முகம் சுண்டி எழுந்து டெல்பினிடம் வந்தாள்.

"நான் அவன்கிட்ட கெஞ்சின மாதிரி ஆயிடுச்சேம்மா."

"பழசு எங்கிட்ட பத்திரமா இருக்கு, கெம்பம்மா."

"அதைப் போடு அப்போ."

மானியத்துக்குப் போட்ட ஒப்பந்தப்படி அந்தக் கன்னடக் குரலை எங்கேயும் போட முடியாது. அதை எப்படிச் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று டெல்பினுக்குத் தெரியவில்லை.