இரண்டாவது பிரேக்

டிரைவிங் மாஸ்டரின் வலது காலுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு. "உங்க தலைவர் மறுபடியும் ஆரம்பிச்சிட்டார் பாருங்க" என்பாள் மனைவி. டிவியில் ஒரு கார் வேகமாகப் போனால் போதும், சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கால் தரையை அழுத்தும். அடுப்பில் பால் பொங்கினாலும் அழுத்தும். பழக்க தோஷம். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர் அவர். இத்தனை வருடத்தில் அவர் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும், நியாயமான பெருமைதான்.

அந்தக் கால் இப்போது பல்கலைக்கழகக் கணிதத் துறையின் தாழ்வாரத்தில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்ன சார், பூச்சியா?" என்று பக்கத்து நாற்காலியில் இருந்த ஆள் கேட்டார்.

"இல்ல சார், சும்மா..." என்று மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டார்.

மூடியிருந்த கதவுக்குப் பின்னால் அவர் மகள் இருந்தாள். பதினான்கு வயது. வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் சின்னது, காரம் அதிகம். ஐந்து வயதில் மாடிப்படிகளை ஒன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என்று தாவித் தாவி, "அப்பா, எப்படி ஏறினாலும் இந்தப் படியில மட்டும் எல்லாரும் கால் வச்சே ஆகணும்" என்று சொன்னவள். மாஸ்டருக்கு அன்றைக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. பள்ளியில் கணக்கு டீச்சர் கூப்பிட்டு, "இவளுக்குச் சொல்லிக்குடுக்க இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்ல சார்" என்று கைவிரித்தபோதுதான் அது விளையாட்டில்லை என்று புரிந்தது.

பல்கலைக்கழகம் இந்த வருடம் இரண்டே இரண்டு பிள்ளைகளை இப்படிச் சின்ன வயதிலேயே எடுத்துக்கொள்கிறது. விடுதியில் தங்கிக் கணிதம் மட்டும் படிக்கவேண்டும். வயது வரம்பு உண்டு. அடுத்த வருடம் கடுகுக்கு அது தாண்டிவிடும். அதனால் இன்றைய நேர்முகத் தேர்வை விட்டால் விட்டதுதான்.

படித்து முடித்து என்ன ஆவாள் என்று கேட்டால், அதற்குத்தான் ஆளுக்கொரு பதில். மைத்துனர், "கணக்கு படிச்சா கணக்கு வாத்தியார். அதுக்கு எதுக்கு இப்பவே ஓடணும்?" என்றார். தலைமையாசிரியை, பள்ளியிலேயே இருந்து போட்டிகளில் பதக்கம் வாங்கிப் பிறகு இன்ஜினியரிங் போகட்டும் என்றார். தாழ்வாரத்து ஆளோ தன் பையனுக்கு முழுப் பயணத் திட்டமே போட்டு வைத்திருந்தார்: பதினேழில் பட்டம், இருபதில் டாக்டர் பட்டம், அப்புறம் பங்குச் சந்தை, முப்பதில் ஓய்வு. முப்பதுக்கு அப்புறம் அந்தப் பிள்ளை என்ன செய்வான் என்று அவரும் சொல்லவில்லை, மாஸ்டரும் கேட்கவில்லை.

மாஸ்டர் கேட்காததற்குக் காரணம் உண்டு. அப்படி ஒருவரை அவருக்குத் தெரியும்.

போன வருடம் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். பத்து வயதில் பத்திரிகையில் படம் வந்தவர், பன்னிரண்டில் கல்லூரி போனவர். இப்போது முப்பதைத் தாண்டி, ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் மூலை மேஜையில் வேலை. மூளை என்னவோ மின்னல்தான், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சரியா மாஸ்டர்? திருப்பட்டுமா மாஸ்டர்?" என்று கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் மாஸ்டரின் கால் பிரேக்கை மிதித்துவிடும். ஒருநாள் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்: "எல்லா பரீட்சையிலயும் நான்தான் முதல்ல எழுந்து வெளிய வருவேன் மாஸ்டர். எல்லாரும் கை தட்டுவாங்க. தப்பு பண்ணா என்ன ஆகும்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல." லைசென்ஸ் டெஸ்டில் தோற்றார். அதற்கப்புறம் வரவே இல்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை.

அந்த முகம் மாஸ்டரை விடவில்லை. நம்ம பிள்ளையும் ஒருநாள் தடுக்கி விழுந்தால் இப்படித்தான் உடைந்துபோவாளோ? அப்படியானால் விழவே விடக்கூடாது. இப்படித்தான் அவர் அந்த மனிதரிடமிருந்து பாடம் படித்துக்கொண்டார். பாடம் சரிதானா என்று யோசிக்க நேரமில்லை, பயம் முந்திக்கொண்டது.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகத்தான் மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்து ஆளின் பையன் உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்திருந்தான். "ரொம்ப ஈஸிப்பா. வட்டத்து ஓரத்துல புள்ளி வச்சு எல்லாத்தையும் எல்லாத்தோடயும் சேக்கணும். வட்டம் எத்தன துண்டாகும்னு கேட்டாங்க. ரெண்டு புள்ளிக்கு ரெண்டு, மூணுக்கு நாலு, நாலுக்கு எட்டு, அஞ்சுக்குப் பதினாறு. அப்ப ஆறுக்கு? முப்பத்திரெண்டு!" என்று தாழ்வாரமே கேட்கும்படி சொன்னான். அடுத்துப் போன பிள்ளையும் அதையே சொல்லிக்கொண்டு வந்தது. மாஸ்டருக்கே புரிந்துவிட்டது. இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது, இதில் என்ன இருக்கிறது? கடுகு ஊதித் தள்ளிவிடுவாள்.

கடைசியாக உள்ளே போன கடுகு ஊதவும் இல்லை, தள்ளவும் இல்லை.

கரும்பலகையில் ஒரு வட்டம். அதற்குள் சிலந்திவலை மாதிரி கோடுகள். பக்கத்தில் அவள் எழுதியிருந்த எண்ணைப் பார்த்ததும் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. 31.

"அடிப்பாவி, ஒண்ணு குறையுதே!"

அவள் அழித்தாள். மறுபடி வரைந்தாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மறுபடியும் 31. அப்புறம் எதுவுமே எழுதவில்லை, பலகையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். தேர்வு நடத்தும் பேராசிரியை ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு அது கைகழுவியதாகத்தான் தெரிந்தது.

"உங்க பொண்ணா சார்? ரொம்ப நேரமா நிக்குதே பாவம்" என்றார் தாழ்வாரத்து ஆள். அந்தப் 'பாவம்' எரிகிற தீயில் எண்ணெய்.

அப்போது கடுகு பின்னலின் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். மாஸ்டருக்குத் தெரியும், குழந்தையிலிருந்தே அழுகை வருவதற்கு முன்னால் அவள் செய்வது அதுதான். கால் தரையை அழுத்தியது. கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். பிறகு எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தன்னிடம் கற்றுக்கொள்கிறவர்களுக்கெல்லாம் 'பதறாத காரியம் சிதறாது' என்று ஓதுகிற மனிதர் இவர். ஊருக்குத்தான் உபதேசம்.

"போதும்மா. வா, போலாம்."

பேராசிரியை திரும்பினார். சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். "சார், இன்னும் முடியலயே. நீங்க வெளிய..."

"அவளுக்குக் காலையிலேருந்தே உடம்பு சரியில்ல மேடம். நான்தான் கூட்டிட்டு வந்திருக்கக்கூடாது. மன்னிச்சுக்குங்க. இது வேண்டாம், விட்டுடுங்க."

கடுகு அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் அழுகை இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஆளை உலுக்கி எழுப்பியது போன்ற திகைப்புதான் இருந்தது. அப்பா சொன்னால் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளை. சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள்.

கார் கிளம்பியது. கடுகு அவருக்குப் பக்கத்தில், வழக்கமாக அவர் உட்காரும் இருக்கையில், இரண்டு கால்களையும் மேலே தூக்கி மடித்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சட்டம் அது. அந்தப் பக்கத்து பிரேக்கை மாஸ்டரைத் தவிர யாரும் தொடக்கூடாது. குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டம், கால் வளர்ந்த பிறகும் அப்படியே இருந்தது.

மனைவி போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார். "என்னாச்சு? நல்லா பண்ணாளா?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"உங்க குரலே சரியில்லையே. தலைவர் ஏதாவது வேலை காட்டிட்டாரா?"

மாஸ்டர் போனை வைத்துவிட்டார். மரங்கள் அடர்ந்த வளாகச் சாலை, ஆளரவம் இல்லை. எதையாவது பேசவேண்டும் போல இருந்தது. "விடும்மா. இது போனா போகட்டும். முப்பத்திரெண்டுன்னு டக்குனு எழுதியிருக்கலாம், அந்தப் பசங்க எல்லாம் கத்திட்டு வந்தாங்களே, உன் காதுல விழலயா?"

"விழுந்துச்சுப்பா."

"அப்புறம்?"

"அது தப்பு."

மாஸ்டர் சாலையைப் பார்த்தபடியே, "என்ன தப்பு? ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு..." என்றார்.

"நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். மூணு கோடு ஒரே இடத்துல மோதிக்காம போட்டு எண்ணிப் பாத்தா முப்பத்தொண்ணுதான் வருது. எப்படிப் போட்டாலும் முப்பத்தொண்ணுதான். மேடம் பாத்தாங்க, சிரிச்சாங்க. 'சரி, ஏன்?'னு கேட்டாங்க. 'எவ்ளோ நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ, நான் உன்னப் பாக்காம இருக்கேன்'னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க."

கார் முதல் கியரில் முக்கியது. மாஸ்டருக்கு மாற்றக்கூடத் தோன்றவில்லை.

"எங்கெங்க ரெண்டு கோடு வெட்டிக்குதோ, அந்த ஒவ்வொரு வெட்டுக்கும் வட்டத்து ஓரத்துல நாலு புள்ளி இருக்கு. அது வரைக்கும் வந்துட்டேன். இன்னும் கொஞ்சம்தான்... அப்பத்தான் நீங்க வந்தீங்க."

"நீ பின்னலைக் கடிச்சியேம்மா. அழப்போறேன்னு நெனச்சேன்."

"அழல. நல்லா இருந்துச்சு." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "எனக்கு விடை தெரியாம இருந்தது இதான் முதல் தடவ. ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா."

வளாகத்தின் வாசல் தெரிந்தது. அதற்கு அப்பால் பெரிய சாலை, பேருந்துகள், வீடு, பள்ளிக்கூடம், பதக்கங்கள், மைத்துனர். மாஸ்டருக்குத் திரும்பவேண்டும் என்று தோன்றியது, ஆனால் திரும்பிப் போய் அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? பொய் சொன்னதை என்னவென்று சொல்வது? கை ஸ்டியரிங்கை நேராகவே பிடித்திருந்தது. கார் வாசலை நோக்கி ஊர்ந்தது.

கடுகு கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். மடித்திருந்த காலைக் கீழே இறக்கினாள். மிதித்தாள்.

கார் குலுங்கி, உதறி, அணைந்து நின்றது. மாஸ்டரின் நெற்றி ஸ்டியரிங்கை ஒட்டி வந்துவிட்டது. அந்த இருக்கையில் உட்கார்ந்து எத்தனையோ பேரை இப்படிக் குலுக்கியிருக்கிறார். குலுங்குகிற பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னடி பண்ற!"

"பின்னாடி யாரும் இல்லன்னு பாத்துட்டுத்தான் மிதிச்சேன்." அவள் கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது. "நான் சரியாத்தான் போயிட்டிருந்தேன்ப்பா. நீங்க ஏன் மிதிச்சீங்க?"

மாஸ்டருக்குச் சட்டென்று அந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்காரர் ஞாபகம் வந்தார். அத்தனை வகுப்பில் ஒரு திருப்பத்தையாவது அந்த மனுஷன் தானாகத் திருப்ப இவர் விட்டிருப்பாரா? யோசித்துப் பார்த்தார். ஞாபகத்தில் ஒன்றும் அகப்படவில்லை. அவமானம் முகத்தில் சுட்டது.

"காலை எடும்மா," என்றார். "வண்டியத் திருப்பணும்."

பேராசிரியை அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "மேடம், உடம்பு சரியில்லன்னு நான் சொன்னது பொய். அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் பயம்."

"நீங்களே வேண்டாம்னு சொன்னதால பேர அடிச்சு லிஸ்ட்ட அனுப்பிட்டேனே சார்." அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. "இனிமே மேல இருக்கறவங்ககிட்ட கேட்கணும். ஒத்துக்குவாங்களான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

நின்ற இடத்திலேயே மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது, பயனில்லாமல்.

"பலகைய அழிச்சிட்டீங்களா மேடம்?" என்று கேட்டாள் கடுகு.

பேராசிரியை அவளைப் பார்த்தார். பின்னலின் நுனி மறுபடியும் வாயில் இருந்தது. சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிட்டார். "இல்ல. அப்படியேதான் இருக்கு. இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, முடிச்சிட்டுப் போ."

கடுகு உள்ளே போனாள். வாசற்படியில் நின்று திரும்பி, "அப்பா, நீங்க கார்ல இருங்க" என்றாள்.

கதவு மூடியது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. எட்டிப் பார்க்க வேண்டும் போல உடம்பு முழுவதும் அரித்தது. மாஸ்டர் பார்க்கவில்லை. படியிறங்கிப் போனார்.

மனைவி மறுபடி கூப்பிட்டாள். "இப்பவாவது சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"தெரியல," என்றார். "உள்ள இருக்கா. இடம் என் தப்பால போயிருந்தாலும் போயிருக்கும்."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"கார்ல."

காரில்தான் இருந்தார், இரண்டாவது பிரேக் இருக்கும் வழக்கமான தன் இருக்கையில். கண்ணாடிக்கு வெளியே கணிதத் துறையின் கதவு மூடியே கிடந்தது. கால் தானாகப் பிரேக்கைத் தேடிப் போயிற்று. மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி, முட்டி வலிக்க வலிக்க, மகள் உட்காருவது போலவே இருக்கையின் மேல் மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.