காலை ஏழு முதல் பத்து வரை

"இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுடா. கண்ணு முழுசா மூடியிருக்கா?"

கைப்பேசிக்குள்ளிருந்து அத்தை கேட்டாள். அப்பாவின் அக்கா, கடல் கடந்த ஊரில் மகளோடு இருப்பவள். தம்பியின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண்பதற்கு அந்தக் கண்ணாடிச் சதுரத்தைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. அண்ணன் குனிந்து, கைப்பேசியை அப்பாவின் நெற்றிக்கு மேலே பிடித்தான். சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது. அத்தையின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. குரல் அறுந்தது. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது.

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். இருபது பேரும் இறந்தவரைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். ஆனால் அந்த நொடியில் இறந்தவரை ஒருவரும் பார்க்கவில்லை. நாற்பது கண்களும் கட்டிலுக்கு அப்பால், மூலையில் நின்ற ஆக்சிஜன் மெஷினின் மேல் போய் விழுந்தன.

இறந்தவரின் மகள் அதைக் கண்டாள். எழுந்தாள். மெஷினின் பின்னால் சுற்றி வைத்திருந்த வயரை அவிழ்த்து, அதன் பிளக்கை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள்.

"நேத்து மூணு மணிக்குப் புடுங்கினது. நல்லாப் பாத்துக்குங்க. தொட்டுப் பாக்கணும்னாலும் வந்து பாருங்க."

யாரும் வரவில்லை. மூன்றாம் வீட்டுக் கடைக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"நேத்து சாயந்திரமும் நெட் போச்சேம்மா. மெஷின் இன்னும் ஓடுதுன்னுல்ல நெனச்சேன்."

"செத்தவருக்கு எதுக்குங்க மெஷின்?"

"துக்கம் கேக்க வந்தவங்ககிட்ட வம்புக்குப் போகாதே" என்றான் அண்ணன். சுழலும் வட்டத்திலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. "உள்ள தையல் மெஷின் ஏதாவது ஓடுதா பாரு."

"அப்பாவை இங்க படுக்க வெச்சிட்டு நான் உள்ள உக்காந்து தைச்சுக்கிட்டு இருப்பேனா அண்ணே?"

அவன் கைப்பேசியை அப்பாவின் கட்டிலருகே நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான்.

குன்றுகளுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் அந்தத் தெருவுக்குக் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாது. பழைய தொலைபேசிக் கம்பி வழியே வீட்டுக்கு வீடு வரும் இணையம் ஒன்றே அதற்கு வெளியுலகம். எழுபது நாட்களுக்கு முன் அந்த இணையம் படுத்துக்கொண்டது. காலை ஏழு முதல் பத்து வரை. மாலை ஆறு முதல் பத்து வரை. சொல்லி வைத்தாற்போல் அறுந்தது. சொல்லி வைத்தாற்போல் வந்தது. அதே மாதத்தில்தான் அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. மருத்துவர் அவருக்குக் குறித்துக் கொடுத்த வேளைகளும் காலையும் மாலையும்தான். தெருவுக்கு வேறென்ன வேண்டும்?

அப்பா முப்பது ஆண்டுகள் பேருந்துகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டுச் சோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரைச் செக்கர் என்றே அழைத்தது, அன்பினால் அல்ல. தெரிந்தவன் என்றும் பாராமல், சொந்தத் தெருக்காரனையும் நடுவழியில் இறக்கிவிட்ட மனிதரை ஒருவரும் மறந்திருக்கவில்லை. அதற்குக் கணக்குத் தீர்க்க அவர்களுக்கு ஒரு மெஷின் கிடைத்தது.

அந்த நாட்களில் ஒருநாள் லைன்காரர் வந்தார். இணையக் கம்பியைக் கவனிக்கும் அவரிடம் உள்ளங்கை அளவில் ஒரு ரேடியோ இருந்தது. எந்த நிலையமும் பேசாத இடத்தில் முள்ளை நிறுத்தி அவர் தெருவில் நடந்தார். எங்கோ ஒரு மின்கருவி கெட்டுப்போய் இரைச்சலைக் கக்குகிறது, அந்த இரைச்சல்தான் கம்பிக்குள் புகுந்து இணையத்தைக் கெடுக்கிறது, அருகில் போகப் போக ரேடியோ உரக்கக் கொரகொரக்கும் என்றார். அது செக்கரின் கூடத்தில், கட்டிலை ஒட்டிய சுவரருகே உச்சத்தில் கொரகொரத்தது. பக்கத்திலேயே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

உறுதி செய்துகொள்ள ஒரே வழி, வீடு வீடாக மெயின் சுவிட்சைப் பத்து நிமிடம் அணைத்துப் பார்ப்பது. எல்லா வீடும் அணைத்தது. அந்த ஒரு வீடு அணைக்கவில்லை.

"பத்தே நிமிஷந்தானேம்மா" என்றார் அன்று கடைக்காரர்.

"பத்தே நிமிஷம் உங்க மூக்கைப் பொத்திக்கிட்டு இங்க நில்லுங்க. நீங்க நின்னு முடிச்சதும் நான் அணைக்கிறேன்."

"கரண்ட் போனா என்ன செய்வே? அதுக்குன்னு ஒரு சிலிண்டர் வெச்சிருக்கேல்ல?"

"அது கரண்ட் போனா. உங்க வீட்டு சீரியல் போனா இல்ல."

கட்டிலில் கிடந்த அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. "எழுபத்தாறு வயசுல நான் மூச்சு விடுறது ஊருக்கே கேக்குதா? பரவாயில்லையே" என்றார்.

அன்று முதல் அது இரைச்சல் வீடு. அவளிடம் தைக்கக் கொடுத்த துணிகளைப் பாதி தைத்த நிலையிலேயே வந்து வாங்கிப் போனார்கள். செக்கரை நகரத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு மனு எழுதினார்கள். ஒரு மனிதன் மூச்சு விடுவதே குற்றம் என்று சொல்ல ஒரு தாளும் ஒரு பேனாவும் போதுமானதாக இருந்தது. அந்தத் தாளில் முதல் கையெழுத்து மகனுடையது.

அண்ணன் கணக்கு வாத்தியார். இணையம் வழியே பல ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் வகுப்பெடுப்பவன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வகுப்பை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன், அண்ணி வந்த பிறகு, அப்பாவின் வீட்டை இரண்டாக வெட்டி நடுவில் சுவர் எழுப்பியவன் அவன். அந்தச் சுவரைத் தாண்டி அவன் அப்பாவைப் பார்க்க வந்த நாட்களை அவள் விரல்விட்டு எண்ணிவிடுவாள். மனுவோடு வந்த நாள் அவற்றில் ஒன்று.

"நானும் பொழைக்கணும்ல? உனக்கென்ன, ஊசியும் நூலும் இருந்தா போதும்."

"அப்பாவுக்குக் காத்து இருந்தா போதும் அண்ணே. அவரும் பெருசா ஒண்ணும் கேக்கல."

வாயில் இத்தனை தீ வைத்திருந்தவள், ஏன் அணைக்கவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் அந்தச் சின்ன சிலிண்டர் இருந்தது. அரை மணி நேரம் தாங்கும். அதை அப்பாவுக்கு மாட்டிவிட்டு, மெஷினைப் பத்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம். வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் நிறுத்தவில்லை. திமிர் என்றது தெரு. பயம் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். நிறுத்தியதும் ரேடியோ அடங்கிவிட்டால்? அப்புறம் எந்த வாயை வைத்துக்கொண்டு அவரைக் காப்பது?

நேற்று மூன்று மணிக்கு அப்பா கண் திறந்தார்.

"மணி என்ன?"

"மூணுப்பா."

"அப்போ யாருக்கும் இடைஞ்சல் இல்ல" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு லைன்காரர் வந்தார், துக்கம் கேட்பதற்கு. தோளில் வழக்கமான பை. வாசலில் பிண வண்டியின் ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். "பத்து மணிக்கு எடுத்துடணும். மயானத்துல பதினொண்ணுக்கு நேரம் குடுத்திருக்காங்க" என்று இரண்டாம் முறையாகச் சொன்னார்.

லைன்காரர் அப்பாவின் காலருகே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"ரேடியோ பையிலதான இருக்கு? எடுங்க."

"இன்னிக்கு வேணாம்மா. நாளைக்குக் காலைல வந்து..."

"நாளைக்கு எங்கப்பா இருக்க மாட்டார். பத்து மணிக்கு உங்க இரைச்சல் நின்னுரும். பத்து மணிக்கு அவரும் போறார். அதுக்குள்ள தேடுங்க."

"பொணத்தை வெச்சுக்கிட்டு ரேடியோ போடுவியா?" அண்ணன் வாசலிலிருந்து உள்ளே பாய்ந்தான். "ஊரு சிரிக்கும்."

"எழுபது நாளாச் சிரிச்ச ஊருதானே. இன்னும் அரை மணி நேரம் சிரிக்கட்டும்." அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "எல்லாரும் படிச்சவங்கதான். ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. கடைசி ரெண்டு நாள் இந்த மெஷின் ராத்திரி பகல்னு நிக்காம ஓடிச்சு. மத்தியானம் ஏன் உங்க நெட் போகல? நேத்து மூணு மணிக்கு நின்னுபோச்சு. சாயந்திரம் ஏன் போச்சு? இப்ப ஏன் போச்சு?"

கடைக்காரர் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார். லைன்காரர் பையைத் திறந்தார்.

முள்ளை நகர்த்தியதும் கூடம் முழுக்க இரைந்தது. மெஷினருகே கொண்டுபோனார், குறைந்தது. கதவருகே போனார், இன்னும் குறைந்தது. கட்டிலைச் சுற்றி, அப்பாவின் தலைமாட்டைத் தாண்டி, சுவரில் வைத்தார். ரேடியோ கத்தியது. அவர் அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார் மெல்ல. "மெஷினைப் பாத்ததும் அன்னிக்கு இங்கயே நின்னுட்டேன். இது சுவத்துக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் என் வீடு" என்றான் அண்ணன். "என் வீட்டுல மெயினையே அணைச்சுக் காட்டினேனே! நீங்களும்தான நின்னு பாத்தீங்க?"

"பாத்தேன் சார். இன்னொரு தடவை பாப்போம்."

ரேடியோ வாசலுக்குப் போனது. அதன் பின்னால் அண்ணன் போனான். அவன் பின்னால் கடைக்காரர்; அவருக்குப் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. செத்தவரின் பின்னால் நடப்பதற்காக வந்த தெரு, இரைச்சலின் பின்னால் நடந்தது. வண்டி ஓட்டுநர்கூட இரண்டடி எடுத்து வைத்து, பிறகு வெட்கப்பட்டு நின்றார்.

அவள் போகவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சுவர் ஒற்றைச் செங்கல் சுவர், சிக்கனமாக எழுப்பியது. அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். எழுபது நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க எல்லாரும்" என்றது அண்ணியின் குரல். "எங்க வீட்டுல என்ன இருக்குன்னு இத்தனை பேரு?"

மெயினை அணைக்கும் ஓசை கேட்டது. ரேடியோவின் இரைச்சல் அப்படியே இருந்தது.

"மெயின் அணைச்சாச்சு. ஃபேன் மட்டும் சுத்துதே?" இது கடைக்காரர்.

"அது இன்வெர்ட்டர்ல ஓடுது. கிளாஸ் நடுவுல கரண்ட் போகக்கூடாதுன்னு வாங்கினது" என்றாள் அண்ணி.

"அன்னிக்கு நான் வந்தப்பவும் இன்வெர்ட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சாம்மா?" லைன்காரரின் குரல் இறங்கியிருந்தது.

"ஓடாம? நீங்க மெயினைத்தான அணைக்கச் சொன்னீங்க."

சற்று நேரம் ரேடியோ மட்டும் நகர்ந்தது. சரியாக அப்பாவின் தலைக்கு நேரே, சுவரின் மறுபுறம் வந்து, காதைத் துளைத்து நின்றது.

"இந்த மீன் தொட்டி எப்ப வாங்கினது?"

"ரெண்டு மாசம் மேல இருக்கும். கிளாஸ் எடுக்குறப்ப இவருக்குப் பின்னால அழகாத் தெரியட்டும்னு வெச்சேன்."

"இதுல லைட்டு..."

"தானா எரியும், தானா அணையும். அவரு கிளாஸ் நேரத்துக்கே வெச்சிருக்கேன். காலைல ஏழுலேர்ந்து..."

அண்ணி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நாற்காலி ஒன்று இழுபட்டது. இரைச்சல் நின்றது.

நின்றதும், நாற்காலியில் அண்ணன் விட்டுப்போன கைப்பேசி அடித்தது. அத்தை. மகள் எடுத்தாள்.

"யாரு, நீயா? எங்கம்மா போனீங்க எல்லாரும்? கிட்டத்தட்ட மூணு மணி நேரமா அடிச்சுக்கிட்டே இருக்கேன். எடுத்துட்டீங்களா அவனை?"

"இல்ல அத்தை. இங்கதான் இருக்கார்."

அவள் கைப்பேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் உயரத்தில் பிடித்தாள். அத்தை திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"மூக்குக்குப் பக்கத்துல அது என்ன கோடு?"

"குழாய் பதிஞ்ச தழும்பு அத்தை."

"அதுகூடத் தெரியுதும்மா" என்றாள் அத்தை. "இவ்வளவு தெளிவா இந்த ரெண்டு மாசத்துல அவனை நான் பாக்கவே இல்ல."

கைப்பேசியைப் பிடித்திருந்தவளின் காலில் எதுவோ தட்டுப்பட்டது. கட்டிலுக்கு அடியில் சிலிண்டர். அதன் வாயைச் சுற்றிய நெகிழித்தாள் பிரிக்கப்படாமல் இருந்தது. பாதத்தால் அதை இன்னும் உள்ளே தள்ளினாள்.

கடிகாரம் பத்து அடித்தபோது எல்லோரும் திரும்பி வந்தார்கள். வாசலில் ஒவ்வொரு பையிலும் கைப்பேசிகள் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. கடைக்காரர் அவள் பக்கம் வர எடுத்த அடியைப் பாதியில் நிறுத்தி, தூணைப் பிடித்துக்கொண்டார். அண்ணி வரவில்லை.

"நாலு பேரு பிடிங்க" என்றார் ஓட்டுநர். "மகன் தலைப்பக்கம்."

அண்ணன் தலைமாட்டுக்கு வந்தான். அவன் வலக்கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு அடாப்டர் இருந்தது. மீன் தொட்டி விளக்கினுடையது. பிடுங்கியவன் அதைக் கீழே வைக்க மறந்தே வந்துவிட்டான். ஸ்ட்ரெச்சரைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். கட்டிலைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். அப்பாவின் வீட்டில் அதை வைக்க அவனுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. தங்கையைப் பார்த்தான்.

அவள் கையை நீட்டவில்லை.

அவன் அதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு குனிந்தான். தூக்கினார்கள்.

"படி இருக்கு அண்ணே" என்றாள் அவள். "பாத்துப் போ."

அவன் தலையசைத்தான். பையிலிருந்து வழிந்த மெல்லிய வயர், அவன் வைத்த ஒவ்வோர் அடிக்கும், அப்பாவின் மூக்கருகே தழும்பைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போயிற்று.