மாமா கொண்டுவந்த மானிட்டர்

என் கடை வாசலில் ஓர் அட்டை தொங்குகிறது: "தூசியோடு வரும் எதையும் தொடமாட்டேன்." எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டரைப் பரண் மாதிரி வைத்திருப்பவர்களைக் கண்டால் கண்டபடி பேசிவிடுவேன். அதற்குப் பயந்தே பாதிப் பேர் வீட்டிலேயே துடைத்துக் கொண்டுவருகிறார்கள்.

அன்று காலை மாமா வந்தார், என் அக்காவின் வீட்டுக்காரர். கையில் போர்வையில் சுற்றிய மானிட்டர். பஸ்ஸில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். பிரித்தால் திரை பளிச்சென்று இருந்தது.

"உங்கிட்ட யாரு திட்டு வாங்குறது, மாப்ளே? ஈரத்துண்டு போட்டு நல்லா அழுத்தித் தொடச்சுட்டேன்" என்றார். பாப்பா போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

பாப்பா அவருடைய ஒரே மகள். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் எங்களுக்குப் பாப்பாதான். ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது. அவளுக்குக் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தவன் நான். தெருப் பிள்ளைகளுக்காக அதில் கதை வாசித்துப் பதிவு செய்வாள். அக்காவைக் கூப்பிட்டு எதையாவது காட்டினால் திரையில் விரலை அழுத்தித்தான் காட்டுவாள். அது என்ன ஜன்னல் கண்ணாடியா என்று கத்துவேன். வேண்டுமென்றே இன்னொரு தரம் அழுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

அவள் போனதிலிருந்து அக்கா பேச்சையே விட்டுவிட்டாள். முந்தின நாள்தான் வாய் திறந்து, பாப்பா குரலை ஒரு தரம் கேட்கணும் என்றாளாம். மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டார்.

"பெட்டி எங்க மாமா?"

"எந்தப் பெட்டி? அதான் முன்னாடி வச்சிருக்கேனே."

"இது இல்ல. மேசைக்குக் கீழ இருக்குமே."

"அந்தக் கரண்ட் பெட்டி ரெண்டா? அப்பவே பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன். கம்ப்யூட்டர மட்டும் பத்திரமா வச்சிருக்கேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கடையே அதிர்ந்திருக்கும். முகம் பார்க்கிற கண்ணாடியைப் பூட்டி வைத்துவிட்டு ஆளைத் தெருவில் விட்ட கதை. அந்த இரண்டில் ஒன்றுதான் கரண்டைச் சேமிக்கிற யு.பி.எஸ். பெட்டி. மற்றதில்தான் மதர்போர்டு, பிராசஸர், ஹார்டு டிஸ்க் எல்லாம். குரல் இருந்தது அந்த ஹார்டு டிஸ்க்கில். மானிட்டர் காட்ட மட்டும்தான் செய்யும். இதைச் சின்னக் குரலில் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டே போர்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

கடையைச் சாத்திவிட்டு அவருடன் பழைய சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், தேட விட்டார். சுவரோரம் காலிக்கூடுகள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றின் முகப்பில் பாப்பா ஒட்டிய மஞ்சள் நட்சத்திரம் இருந்தது. உள்ளே கையை விட்டேன். பவர் சப்ளையில் செம்பை உருவிவிட்டார்கள். என் விரல் பட்டு ஃபேன் மட்டும் தூசியோடு சுற்றியது. கழற்றிய பச்சை சர்க்யூட் பலகைகள் வேறொரு சாக்கில் கிடந்தன. அதைக் கிளறிய மாமா ஒரு ரேம் மெமரித் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுல கொஞ்சமாவது இருக்காதா மாப்ளே?"

அது வேலை நடக்கும்போது மட்டும் வைத்திருக்கும், கரண்ட் நின்றால் எல்லாம் போய்விடும் என்றேன். எனக்கே என் வாயை அடிக்கணும் போலிருந்தது.

ஹார்டு டிஸ்க்குகள் எங்கே என்று கேட்டதற்குக் கடைக்காரர் மேலே கை காட்டினார். அலுமினியக் கூட்டை உடைத்து விற்றுவிட்டு, உள்ளே இருந்த வட்டுகளைப் பறவை விரட்டக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். கூரை நெடுக வெயிலில் மினுங்கின. எதில் பாப்பா வாசித்த கதை என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்தாலும் இனிமேல் எந்த மெஷினும் அதைப் படிக்காது. மாமா அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார். வாங்க போலாம் என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்காவிடம் நானே சொல்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றையும் பூசி மெழுகாமல், தான் தெரியாமல் செய்துவிட்டதாகச் சொன்னார். அக்கா அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"உங்களுக்கென்ன தெரியும். எனக்கும் தெரியாதே" என்றாள். "அத எடுத்த எடத்துலயே வச்சிருங்க. அது போதும்."

மாமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் மானிட்டரை மேசையில் வைத்தேன். அக்கா அதை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். கீழ் மூலையைப் பார்த்தாள். வெளிச்சம் படும்படி இன்னும் கொஞ்சம் சாய்த்து மறுபடி பார்த்தாள்.

"இங்க அவ விரல் பதிஞ்சிருந்துச்சே. காலையில வெளிச்சம் வந்தா தெரியும், தினமும் பாப்பேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தொடச்சிட்டியாடா?"

நான் ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பார்வை மாமாவிடம் போய்விட்டது. அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.