இரும்புக் கால்

இடது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. விடிகாலையிலிருந்து வெங்காய மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, நசுருதீன் மனைவி ஹாஜிராவோடு மகனைத் தூக்கி வந்திருந்தான். தென்னூரில், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். அர்ஹம் இரண்டு மாதம் முந்திப் பிறந்தவன். இப்போது எட்டு மாதம், ஆறு கிலோ.

"சௌமியா மேடம், இங்க பாருங்க." பிள்ளையின் அக்குளில் கை கொடுத்து மேசைமேல் நிறுத்தினான். பிள்ளை நுனிக்காலில் கம்பிபோல நின்றது. "இரும்புக் காலு! நாளைக்கே மூட்டை தூக்குவான்."

பயிற்சி கொடுக்கும் சௌமியா சிரிக்கவில்லை. அர்ஹமைப் பாயில் கிடத்திப் பாதத்தை மெல்ல மடக்கினாள். பாதி வழியில் அது சட்டென்று இறுகியது. தொடைகளை விலக்கினாள். விட்டதும் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொண்டன.

"எப்பலேருந்து இப்படி நிக்கிறான்?"

"போன தடவை வந்துட்டுப் போனதுலேருந்துங்க. நாப்பது நாளா," என்றாள் ஹாஜிரா.

"இது பலமில்லீங்க, இறுக்கம். தசை விட மாட்டேங்குது. போன தடவை இதுக்குத்தானே பயிற்சி சொல்லிக் கொடுத்தேன்? தினம் நாலு வேளை செஞ்சீங்களா?"

"செஞ்சோம்," என்றான் நசுருதீன்.

ஹாஜிரா துப்பட்டா நுனியைத் திருகினாள்.

சௌமியா பேனாவை எடுத்தாள். "செஞ்சும் இவ்வளவு இறுக்கம்னா, நான் வேற மாதிரிதான் எழுதணும். ஊசியா, ஆபரேஷனான்னு பெரிய டாக்டர் சொல்லட்டும்."

நசுருதீன் எட்டிப் பேனாவைப் பிடித்தான்.

"எழுதாதீங்க மேடம். செய்யலை."

"நல்லாச் சொல்லுங்க!" ஹாஜிரா அவனிடம் திரும்பினாள். "நிக்கிற பயலை எதுக்குடி மடக்கிப் போடுறேன்னு என் கையைத் தட்டிவிட்டது யாரு? மண்டி பூரா இரும்புக் காலு, இரும்புக் காலுன்னு பெருமை வேற!"

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "நடப்பானா மேடம்?"

"இப்பச் சொல்ல முடியாதுங்க. டாக்டரை எப்படியும் பாக்கணும். இனிமே நிக்க வைக்காதீங்க. அடுத்த வாரம் நான் எங்க ஸ்ரீரங்கம் சென்டர்ல இருப்பேன், அங்க தூக்கிட்டு வாங்க."

"எனக்குச் சொல்லிக் கொடுங்க. நான் செய்றேன்."

பாயில் உட்கார்ந்தான். அந்தச் சின்னப் பாதம் அவன் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. அழுத்தினான். பிள்ளை வீறிட்டது.

"அழுத்தக் கூடாது! பிடிச்சுக்கிட்டு, அதுவா விடுற வரைக்கும் காத்திருங்க."

பலம் போடாமல் ஒரு பொருளைப் பிடிக்க அவனுக்குத் தெரியாது. எலும்பு முறிந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தான். பாதம் ஒரு நூல் தளர்ந்தது. மறுபடி இறுகியது. அவன் விடவில்லை.

நாற்பது நாள், தினம் நாலு வேளை: மகனுக்குச் செய்யாமல் விட்ட பயிற்சி அத்தனையும் நசுருதீனின் கடன். அதில் முதல் வேளையே இன்னும் முடியவில்லை.